மேற்படி

பென்சில்வேனியாவில் ஒரு முதியோர் இல்லத்தில்
என் தம்பி வின்ஸ்லினுக்கு இரவு வேலை.
அவன் குளிப்பாட்டும் கிழவர் ஒருவருக்கு
மதியம் சாப்பிட்டது மறந்துபோகும்,
ஒன்பது தலைமுறை மறக்காது.
ராட்டர்டாமில் ஏறிய கப்பல்,
நடுக்கடலில் இறக்கிவிட்ட இரண்டு குழந்தைகள்,
பிலடெல்பியாவில் கால் வைத்த செப்டம்பர்.
வாள் தொடாத கூட்டமாம். சத்தியம் செய்யாதாம்.
வளர்ந்து, புத்தி தெளிந்து,
அப்புறம்தான் தண்ணீர் வாங்குமாம்.
குடும்பப் பெயர் மட்டும் மூன்று விதம்,
குமாஸ்தாக்களின் காதுக்கு எட்டியபடி.

வின்ஸ்லின் போனில் கேட்டான்:
"அக்கா, நமக்க ஆளுவ எங்கேருந்து வந்தாவ?"
"ஆத்துக்கு அந்தப் பக்கத்திலேருந்து."
"வெளையாடாத."

ஆராதனை முடிந்து
செருப்புகள் எல்லாம் போன பிறகு
கோயில்குட்டி அலமாரியைத் திறந்தார்.
சாவி திரும்பவில்லை; தேங்காயெண்ணெய் விட்டோம்.
உள்ளே ஞானஸ்நானப் புத்தகம்,
ராமபாணப் பூச்சி
ஆதியாகமம் முதல் வாசித்து முடித்திருந்தது.

கொல்லம் ஆயிரத்துப் பதிமூன்று, மாசி.
பழைய பெயர்: கறுத்தான்.
புதிய பெயர்: எலியாசர்.
வயது: முப்பது இருக்கலாம்.
தொழில்: பனை.
எங்கள் ஆளும் வளர்ந்த பிறகுதான்
தண்ணீர் வாங்கியிருக்கிறார்.

வெள்ளைக்காரரின் புத்தகத்தில் இலயாசர்.
பகுதிக் கச்சேரி நகலில், மலையாளத்தில், ஏலியாசு,
தலைவரி பாக்கியோடு.
மூன்று பேரா, ஒருவரா?
பாக்கி மட்டும் ஒன்றுதான்,
அதனால் ஒருவர் என்று வைத்துக்கொண்டேன்.

அவருக்குக் கீழே ஒரு வரி:
"மேற்படியார் பெண்சாதி."
பழைய பெயர்க் கட்டத்தில் ஒரு கோடு.
புதிய பெயர்க் கட்டத்தில் மை சிந்தியிருந்தது.
அவ்வளவுதான்.
மேற்படி ஊர், மேற்படி நாள்,
மேற்படி ஆத்துமா.

தம்பிக்குச் சொன்னேன்.
சிறிது நேரம் பேசவில்லை.
"இங்கயும் அப்படித்தான்.
கப்பல் கணக்குல பதினாறு வயசு திகைஞ்ச
ஆம்பளைய மட்டும்தான் எழுதியிருக்காவ.
பொம்பளைய எல்லாம்
சும்மா தண்ணியில நடந்து வந்தாளுவ போல."

அடுத்த ஞாயிறும் போனேன்.
கோயில்குட்டி என்னைப் பார்த்ததும்
எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டார்.
இந்த முறை ஒழுங்கு நடவடிக்கைப் புத்தகம்.
பட்டை குடித்தவன். பேயோட்டக் கூப்பிட்டவள்.
சீட்டுப் பணத்தோடு ஓடிய உபதேசியார்
(பெயர் அடித்திருக்கிறது, பேரன்கள் வலுவானவர்கள் போல).
எழுபத்தோராம் பக்கத்தில்:

"எலியாசர் பெண்சாதி கெத்தூராள்,
ஓய்வுநாளில் கொளச்சலிலிருந்து
கருவாட்டுக் கடவம் சுமந்து வந்தாள்.
விசாரித்ததில்,
வயிற்றுக்கு ஞாயிறு தெரியாது என்றாள்.
இரண்டு மாதம் ராப்போசனம் விலக்கு."

கெத்தூராள்.
இரண்டு தடவை சத்தமாகச் சொன்னேன்.
கோயில்குட்டி திரும்பிப் பார்த்தார்.

விசுவாசித்த நாளில் பெயர் இல்லை.
அகப்பட்ட நாளில் இருக்கிறது.

ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்.
அதே புத்தகத்தில் இன்னொரு எலியாசர் உண்டு,
கீழக்கரையான், பெண்சாதி பெயர் தெரியாது.
இவள் அவனுடையவளாகவும் இருக்கலாம்.
இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தாளா,
அப்படியே விட்டுவிட்டாளா,
எழுபத்திரண்டாம் பக்கத்தைப் பூச்சி தின்றுவிட்டது.
வின்ஸ்லின் கேட்டான்,
"நமக்க ஆளுதானா? உறப்பா சொல்லு."
சத்தியம் செய்ய மாட்டேன் என்றேன்.

அவன் வரையும் மரத்தில்
கெத்தூராளைப் பென்சிலால் எழுதச் சொன்னேன்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு,
எலியாசருக்குக் கீழே அல்ல,
பக்கத்தில்.

திங்கள்நகரில் பஸ் மாற வேண்டும்.
ஞாயிற்றுக்கிழமை, மத்தியான வெயில்.
வெள்ளைச் சேலை, கையில் வேதப்புத்தகம்.
நெத்திலி கால் கிலோ கேட்டேன்.
கடைக்காரி என்னை ஒரு முறை பார்த்துவிட்டு
ஒரு பிடி கூடுதலாக அள்ளிப் போட்டாள்.
அவள் பெயரைக் கேட்டுக்கொண்டேன்.